தண்ணீர் தெளித்த கடலை

ஆமத்தூர் ராக்கப்பன் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றுகிற வேலை எப்போதும் அவர் பெண்டாட்டி சண்முகத்தாய் தலையில்தான் விழும். விருதுநகர் கடலை ஏற்றுமதி வியாபாரி அய்யாதுரை அண்ணாச்சியிடம் போய், "ஒரு சொட்டுத் தண்ணி படாத பருப்பாத் தாரேன்" என்று மார்தட்டிவிட்டு வந்தவர் அவர். அந்தப் பருப்பை உடைத்து, புடைத்து, பொறுக்கி, மூட்டை பிடித்தது அவள். இந்தக் கதையில் தப்புச் செய்ததும் அவள்தான். அதனால் கதையை அவள் பக்கமாக நின்றே சொல்கிறேன்.

நான் யார் என்றால், சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறவன். பட்டாசுப் பெட்டிக்குத் தாள் அடிப்பது பிழைப்பு. சீசன் மந்தமாக இருக்கிற மாதங்களில் அய்யாதுரையின் மூட்டைகளுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பேன். 'இந்தியாவில் விளைந்தது' என்று ஆங்கிலத்தில், நீல மையில், மூட்டைக்கு ஒன்று. இந்தக் கதை நடந்த அன்றைக்கு லேபிள் கட்டைக் கொடுக்க அவர் குடோனுக்குப் போனவன், கொடுத்த கையோடு திரும்பியிருக்க வேண்டும். இருட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டேன். நான் பார்க்காததையெல்லாம் மாரிச்செல்வி சொன்னாள். சண்முகத்தாய்க்குப் பக்கத்து வீடு அவள். பட்டாசுக் கம்பெனி வேலைக்காரி. அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கடலை போடுகிறவர்கள் காயாகவே விற்றுவிடுவதுதான் வழக்கம். எண்ணெய் மில்லுக்காரன் வருவான், ஒரு பிடி அள்ளிக் குலுக்கிப் பார்ப்பான், வாய்க்கு வந்த விலையைச் சொல்வான், ஏற்றிக்கொண்டு போவான். கிணற்றுப் பாசனத்தில் மார்கழியில் விதைத்து, பங்குனி வெயிலில் பிடுங்கி, முதுகு ஒடிய ஆய்ந்து காயப்போட்ட கடலைக்கு அத்தோடு மதிப்பு முடிந்தது. ராக்கப்பனுக்கு இது ரொம்ப நாளாக உறுத்தல். இந்த வருஷம் பன்னிரண்டு வீட்டுக்காரர்களைச் சேர்த்தார். எல்லார் காயும் அவருடைய கொட்டகைக்கு வரும். அவர் வாங்கிப் போட்ட உடைப்பு மிஷினில் உடைபடும். பொறுக்கின முழுப் பருப்பு விருதுநகர் போய், அங்கிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் இந்தோனேசியா. பன்னிரண்டு வீடும் சேர்ந்தால்தான் ஒரு கன்டெய்னர் நிறையும். முன்னூற்று எண்பது மூட்டை.

தை மாதம் அய்யாதுரையின் மகள் கீர்த்திகா ஆமத்தூருக்கே வந்து கூட்டம் போட்டாள். படித்த பெண்; ஏற்றுமதி வேலை முழுக்க அவள் கையில். உலகத்திலேயே கடலை அதிகம் விளைவது சீனாவில், அதற்கு அடுத்தபடி நம்மிடம் என்று அவள் சொன்னதும் கூட்டத்தில் எல்லார் முகத்திலும் ஒரு களை வந்தது. ஆனால் விளைச்சலில் இருக்கிற இடம் விற்பனையில் இல்லை என்றாள் அடுத்து. அர்ஜென்டினாவில் நம்மைவிடக் குறைவாகத்தான் விளைகிறது. ஆனால் அவன் கடலை என்றால் ஐரோப்பாவில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். நம் கடலையை அதிகம் வாங்குவது இந்தோனேசியா. அவனே போன வருஷம் கொஞ்ச நாள் இந்தியக் கடலை வேண்டாம் என்று நிறுத்தி வைத்துவிட்டான். காரணம் பூஞ்சை. ஈரம் பட்ட பருப்பில் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை பிடித்து, அதிலிருந்து ஒரு நஞ்சு ஊறும். ஈரலைக் கெடுக்கிற நஞ்சு. நூறு கோடிப் பங்கில் பதினைந்து பங்குக்கு மேல் அது இருந்தால் சரக்கைக் கப்பலிலிருந்து இறக்க விடமாட்டான்.

"நம்ம கடலை மேல அவுகளுக்கு ஆசை இருக்கு அண்ணே, நம்பிக்கைதான் கொறச்சல்" என்று முடித்தாள் கீர்த்திகா.

அன்றிலிருந்து ராக்கப்பன் அர்ஜென்டினாக்காரனைப் பக்கத்துப் பிஞ்சைக்காரன் மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டார். களை எடுக்க ஆள் வரவில்லை என்றால், "இந்நேரம் அர்ஜென்டினாக்காரன் எடுத்து முடிச்சிருப்பான்" என்பார். சண்முகத்தாய் அவனை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். விதைக்கும் வீட்டுக்குமாகக் காய்ந்த கடலையை உடைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் குவியலின் மேல் தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடிவைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். காலையில் மேல்தோடு பதமாகி இருக்கும். உடைத்தால் பருப்பு பிளக்காமல், தொலி உரியாமல், முழுசு முழுசாக விழும். தெளிக்காமல் உடைத்தால் காய்ந்த பருப்பு இரண்டாகப் பிளந்து போகும். பிளந்த பருப்பைக் கப்பலுக்கு எடுக்கமாட்டார்கள், எண்ணெய்க்குத்தான் போகும். உள்ளூரோடு முடிந்த காலத்தில் தெளித்ததா தெளிக்காததா என்று யாரும் கேட்டதில்லை. அய்யாதுரை போட்ட முதல் நிபந்தனையே தெளிக்கக் கூடாது என்பதுதான். உடைசல் விழுந்தால் விழட்டும், அதற்கேற்ற மாதிரி மிஷினை மெதுவாக ஓட்டுங்கள் என்றார்.

பதினோரு வீட்டுக் காய் பழுதில்லாமல் உடைபட்டது. கடைசியாக வந்தது வெள்ளைத்தாயுடையது. புருஷன் இல்லாதவள், ஒன்றரை ஏக்கர்க்காரி. ஆள் கிடைக்காமல் காயை நாலைந்து நாள் அதிகமாகவே வெயிலில் போட்டுவிட்டாள். மிஷினில் கொட்டினால் படபடவென்று பிளந்து விழுந்தது. முதல் இரண்டு மூட்டைக் காயில் பாதிக்குப் பாதி உடைசல்.  வெள்ளைத்தாய் உடைசல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளந்த இரண்டு பாதியை எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் தன்னால் பார்க்க முடியவில்லை என்று சண்முகத்தாய் பிற்பாடு சொன்னாள். ராக்கப்பன் லாரி பேச விருதுநகர் போயிருந்தார், லாரியோடுதான் திரும்புவார். அன்று சாயங்காலம் சண்முகத்தாய் மிஷினை நிறுத்தினாள். யாரையும் கேட்கவில்லை. இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மிச்சக் குவியலின்மேல் தெளித்துச் சாக்கைப் போட்டு மூடினாள்.

மறுநாள் பருப்பு முத்து முத்தாக விழுந்தது. வெள்ளைத்தாய் முகத்தைப் பார்த்து மாரிச்செல்விக்கே அழுகை வந்துவிட்டதாம். உடைத்த பருப்பை ஒருநாள் நன்றாகக் காயப்போட்டு மூட்டை பிடித்தால் ஒன்றும் ஆகாது என்பது சண்முகத்தாயின் எண்ணம். காயவும் போட்டாள். மத்தியானத்துக்கு மேல் சிவகாசிப் பக்கமிருந்து கருக்கலிட்டுக்கொண்டு கோடை மழை வந்தது. அள்ளிக் கட்டுவதற்குள் மேலாகத் தூற்றலும் விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் லாரி வந்து நின்றது. பதினான்கு மூட்டையைத் தன் கையால் தைத்தாள். மற்ற மூட்டைகளோடு மூட்டையாக அதுவும் போய்விட்டது.

பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராவது நாள் காலையில் கீர்த்திகா போன் செய்தாள். நாளைக் காலை பத்து மணிக்குப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஆள் வந்து மூட்டைகளில் மாதிரி எடுப்பார்கள், வெள்ளிக்கிழமை கன்டெய்னர் ஏறும், ராக்கப்பன் அண்ணன் வந்து நின்றால் நல்லது என்றாள். எடுத்த மாதிரியை எல்லாம் ஒன்றாக அரைத்துத்தான் பார்ப்பார்களாம். ஏதோ ஒரு மூட்டையில் கெட்ட பருப்பு ஒரு பிடி இருந்தாலும் முன்னூற்று எண்பது மூட்டைக்கும் அதே தீர்ப்புத்தான். இங்கே தப்பி அங்கே அகப்பட்டாலோ, கப்பல் திரும்பிவரும். ஏற்றுமதி செய்கிறவர்கள் பட்டியலில் அய்யாதுரை கம்பெனியின் பேரும் இருக்காது. ராக்கப்பன் போனை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். சண்முகத்தாய் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

மத்தியானம் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். ராக்கப்பன் இரண்டாம் உருண்டையைக் கையில் எடுத்தபோது சொல்லிவிட்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். வெள்ளைத்தாய் காய்க்கு நான் தண்ணி தெளிச்சுட்டேன்."

ராக்கப்பன் கை அப்படியே நின்றது. "எப்ப?"

"நீங்க லாரி பேசப் போன அன்னைக்கு. பதினாலு மூட்டை. காயப்போட்டேன், மள வந்துருச்சு."

"ஆருக்குத் தெரியும்?"

"வெள்ளைத்தாயிக்குத் தெரியும். மாரிச்செல்விக்குத் தெரியும்."

மாரிச்செல்விக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி என்பது ராக்கப்பனின் தீர்மானம்.  உருண்டையைத் தட்டில் வைத்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"வாயத் தொறக்காத. முன்னூத்தி எம்பதுல பதினாலு எம்மாத்திரம். அம்புட்டுலயும் கலந்து அமுங்கிப் போயிரும்."

"கலந்து போறதுதான எனக்குப் பயமே. பன்னெண்டு வீட்டுக் கடலைங்க. என் ஒருத்தியால அம்புட்டும் நாசமாப் போகணுமா? தப்பிப் போனாலும் அங்கன ஒரு பிள்ள திங்கும்ல."

"நான் வாக்குக் குடுத்துட்டு வந்துருக்கேன். நாளப்பின்ன அண்ணாச்சி மொகத்துல எப்படி முளிப்பேன்?"

"நீங்க முளிக்க வேண்டாம். நான் போறேன்."

ராக்கப்பன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து மிஷின் கொட்டகைக்குப் போய்விட்டார். சண்முகத்தாய் ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு மாரிச்செல்வி வீட்டு வாசலில் போய் நின்றாள். அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று மாரிச்செல்வியின் கம்பெனியை இரண்டு நாள் மூடியிருந்தார்கள். எங்கே, எதற்கு என்று கேட்காமல் அவள் கிளம்பிவிட்டாள். வழியில் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் காரணமாக இருக்கும். ஒன்றரை மணி பஸ்ஸில் இருவரும் விருதுநகர் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் குடோனில் லேபிள் கட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். தகரக் கூரை, சித்திரை வெயில் அதன்மேல் நின்று காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே கடலை மூட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் அட்டி போட்டு அடுக்கியிருந்தன. அய்யாதுரை நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்காரர். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். அவரிடம் வேலை பார்க்கிறவர்கள் அவர் மெதுவாகப் பேசினால்தான் பயப்படுவார்கள்.

சண்முகத்தாய் உள்ளே வந்து கும்பிட்டாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் நின்றபடியே சொன்னாள். வெள்ளைத்தாயின் மேல் ஒரு வார்த்தை போடவில்லை. தான் தெளித்தது, தான் மூட்டை பிடித்தது, தான் மறைத்தது என்று எல்லாமே தான். மாரிச்செல்வி நடுவில் இரண்டு தரம் வாயெடுத்தாள்; சண்முகத்தாய் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள்.

அய்யாதுரை விசிறியை மடியில் வைத்தார். "உங்க வீட்டுக்காரரு எங்க?" என்றார், காதில் விழாத குரலில்.

"அவுகளுக்கு இன்னைக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. இது நான் பண்ணுன தப்பு."

அவர் லோடுமேன்கள் பக்கம் திரும்பினார். "அம்புட்டையும் எண்ணெய் மில்லுக்கு ஏத்துங்கப்பா. கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

 பன்னிரண்டு வீட்டு உழைப்பு. கீர்த்திகா உள் அறையிலிருந்து ஓடிவந்தாள். அப்பாவிடம் கெஞ்சவில்லை, கப்பலில் இடம் பிடித்திருப்பதையும், இந்த வருஷம் முதல் முறையாகக் கேட்ட இந்தோனேசியக் கம்பெனியையும், இந்த லோடு போகவில்லையென்றால் அந்த இடத்துக்கு அர்ஜென்டினாச் சரக்கோ சூடான் சரக்கோ போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் வரிசையாகச் சொன்னாள். பிறகு ஈரம் பார்க்கிற மிஷினைக் கொண்டுவந்து பத்து மூட்டையில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஏழு, ஏழரை சதவீதம் என்றே காட்டியது. தகரக் கூரைக்கு அடியில் பத்து நாள் வெந்ததில் எல்லா மூட்டையும் ஒரே மாதிரி காய்ந்துவிட்டது. ஈரம் போய்விட்டது, ஈரத்தில் ஊறியது போகவில்லை. மூட்டைகளோ எல்லாம் ஒரே சாக்கு, ஒரே தையல்.

"இதுல எப்படிக்கா பதினாலைத் தேடுறது?" என்றாள் கீர்த்திகா. அவள் கண் கலங்கியிருந்தது.

"நான் கடிச்சுப் பாத்துச் சொல்லுறேன்" என்றாள் சண்முகத்தாய்.

மூட்டைக்குள் விட்டுச் சரக்கு எடுக்கிற குத்தூசியை அவளே கேட்டு வாங்கினாள். குழல் மாதிரி இருக்கும். சாக்கில் குத்தி இழுத்தால் ஏழெட்டுப் பருப்பு கையில் வந்து விழும். லோடுமேன்கள் அட்டியைப் பிரித்து மூட்டையை இறக்கி இறக்கிப் போட, மாரிச்செல்வி குத்தி எடுத்து விரலால் உருட்டினாள். தண்ணீர் பட்டுக் காய்ந்த பருப்பின் தொலி கசங்கியிருக்கும், உருட்டினால் பிடியை விடும். பட்டாசுக் கம்பெனியில் திரியை உருட்டிப் பழகிய விரல் அது. ஆனால் சில நல்ல பருப்பும் தொலி விடும். அதனால் தீர்ப்பு சண்முகத்தாயின் நாக்கில்தான். ஒரு பருப்பைக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். தெளிக்காத பருப்பு 'டக்' என்று உடையும், அடுத்த நொடி இனிப்புத் தட்டும். தெளித்தது உடையும்போதே சத்தம் மந்தமாக இருக்கும். அடிநாக்கில் ஒரு காறல். கடித்ததை விழுங்காமல் வாளியில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனாள். விழுங்கிவிடாதீர்கள், அது விஷம் என்று கீர்த்திகா பக்கத்திலேயே சொம்போடு நின்றாள்.

முதல் முப்பது மூட்டையில் ஒன்றும் அகப்படவில்லை. முப்பத்தைந்தோ முப்பத்தாறோ, கடித்தவள் நின்றாள். இன்னொன்று கேட்டாள். அதையும் கடித்தாள். "இது" என்றாள். சாக்கைப் பிரித்துக் கொட்டினார்கள். பார்வைக்கு முழுசு முழுசாக, லட்சணமான பருப்பு. கீர்த்திகா ஒரு பிடி அள்ளிப் பிளந்து பிளந்து பார்த்தாள். ஏழாவதோ எட்டாவதோ பருப்பில், உள்ளே முளை இருக்கிற இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அய்யாதுரை நாற்காலியை அட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். எண்ணெய் மில் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு குடோனில் வேறு வேலையே நடக்கவில்லை. குத்துவதும் கடிப்பதும் துப்புவதும்தான். நூறு தாண்டியதும் தாடை வலிக்கிறது என்றாள். நூற்றைம்பதில் வாய் மரத்துவிட்டது என்று ஒரு வாய் மோர் வாங்கிக் குடித்தாள். அய்யாதுரை வீட்டிலிருந்து வந்த புளியோதரையை அவள் தொடவில்லை. நாக்கில் வேறு ருசி பட்டால் காறல் பிடிபடாது என்றாள். மாரிச்செல்வி இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டாள்.

"மதினி, கம்பெனியில மருந்து நமுத்துப் போனா வெடிக்காமப் போறதோட சரி" என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே. "ஒங்க கடலை நமுத்தா ஊரையே வெடிக்க வச்சுரும் போல."

லோடுமேன்கள் சிரித்தார்கள். அய்யாதுரைகூட மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. சண்முகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருநூறில் ஆறு. இருநூற்று ஐம்பதில் ஒன்பது. முன்னூற்றுப் பத்தில் பன்னிரண்டு.

மணி ஏழு இருக்கும், கடைசி மூட்டையையும் கடித்து முடித்தாள். பதின்மூன்று.

"பதினாலு" என்றாள் சண்முகத்தாய். "நான் தச்சது பதினாலு. ஒண்ணு விட்டுப்போச்சு."

 அவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்திருந்த தைரியம் அந்த ஒரு மூட்டையில் போய்விட்டது. எங்கேயோ அவள் நாக்கு ஏமாந்திருக்கிறது என்றால், முன்னூற்று அறுபத்தேழையும் இனி எப்படி நம்புவது? மறுபடியும் முதலிலிருந்து கடிக்கிறேன் என்று குத்தூசியை எடுத்தாள். கீர்த்திகா பிடித்து உட்காரவைத்தாள். நாளைக் காலை பத்து மணிக்கு ஆள் வந்துவிடுவார்கள். எல்லாரும் அய்யாதுரையைப் பார்த்தோம். அவர் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ராக்கப்பன். பின்னால் ஒரு மூட்டை கட்டியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்தவர் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பதினாலாவது மூட்டையத் தேடாதீக. அது இங்கன வரல. தாயில்பட்டியில இருந்துச்சு."

விஷயம் இதுதான். லாரி வந்த அன்று காலையில் ராக்கப்பன் மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். தைத்து முடித்திருந்தவற்றில் ஒன்றின் மூலையைப் பிரித்துப் பார்த்தால், பருப்பு அவ்வளவு முழுசு, அவ்வளவு அழகு. தான் வாங்கிப் போட்ட மிஷினின் பவிசுதான் என்று நினைத்துப் பூரித்துப்போய்விட்டார். இதைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்துப் பெருமையடிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. மகள் பாண்டிமீனாவைக் கட்டிக்கொடுத்திருப்பது தாயில்பட்டியில். பெண்டாட்டிக்குத் தெரியாமல் அந்த மூட்டையை ஓரங்கட்டிவிட்டு, தன் பங்கிலிருந்து வேறொரு மூட்டையைத் தைத்து லாரியில் ஏற்றிக் கணக்கைச் சரிக்கட்டிவிட்டார். சாயங்காலமே கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் இறக்கி, "இதான் கப்பலுக்குப் போற பருப்பு" என்று அரைமணி நேரம் பேசிவிட்டும் வந்திருக்கிறார். இன்று கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது: மிஷின் ஒன்றும் திடீரென்று நல்ல மிஷின் ஆகிவிடவில்லை. நேரே தாயில்பட்டிக்கு வண்டியை விட்டிருக்கிறார்.

"சம்பந்தியம்மா வீட்டு முத்தத்துல காயப்போட்டு வச்சுருக்காக" என்றார் ராக்கப்பன். "வந்த மறுநாளே லேசாக் காறுச்சாம். மரியாதைக்காகச் சொல்லாம இருந்துருக்காக. இந்தக் கடலையத்தான் நான் அர்ஜென்டினாக்காரனே அசந்துபோவான்னு சொல்லிட்டு வந்தேன்."

அய்யாதுரை சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து அந்தக் குடோனில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் எல்லாருக்குமே மூச்சு விட வழி கிடைத்த மாதிரி ஆனது. சண்முகத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பயத்தில் அல்ல, நாக்கு ஏமாறவில்லை என்ற ஆறுதலில். மாரிச்செல்வி ராக்கப்பன் கொண்டுவந்த மூட்டையைக் குத்தி ஒரு பருப்பை உருட்டிப் பார்த்து, தொலி கழன்றது என்று ஒரு நீதிபதி மாதிரி அறிவித்தாள்.

அந்தப் பதினான்கையும் தனியாக வெளிக்கொட்டகையில் போட்டார்கள். வெள்ளைத்தாயின் பங்குக்கு ஈடாகத் தன் பங்கில் பதினான்கு மூட்டையை அவள் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்னார் ராக்கப்பன். யாரும் கேட்காமல் சொன்னார். அவரைப் பற்றி இவ்வளவு கேலி எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் அது நியாயமில்லை. அய்யாதுரை மறுநாள் வந்தவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, முன்னூற்று அறுபத்தேழு மூட்டைக்கு ஒரு மாதிரியும், ஒதுக்கிய மூட்டைகளுக்கு இன்னொரு மாதிரியும் எடுக்கச் சொன்னார். இரண்டாவது தனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ஆமத்தூரில் பன்னிரண்டு வீட்டிலும் பேச்சு இதுதான். இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து சண்முகத்தாயைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள்.  வெள்ளைத்தாய் மட்டும் காலையில் வந்து உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை எழுந்து போகவில்லை. தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துக்கொண்டு நானும்தானே சும்மா இருந்தேன், கேட்கிறவர்கள் என்னையும் கேட்கட்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கீர்த்திகாவின் போன் வந்தது. ராக்கப்பன் ஒலிபெருக்கியில் போட்டார். 

"அண்ணே, மூணு" என்றாள் கீர்த்திகா. "பதினஞ்சு வரைக்கும் விடுவாங்க, நம்ம சரக்கு மூணுதான். கன்டெய்னர் ஏறிக்கிட்டு இருக்கு. அக்காகிட்டச் சொல்லுங்க."

சொல்லத் தேவை இருக்கவில்லை. சண்முகத்தாய் அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைத்தாய் அவளைக் கட்டிக்கொண்டாள். மாரிச்செல்வி அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள். இன்னும் கால்மணி நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும்.

"அந்தப் பதினாலு மூட்டை?" என்று கேட்டார் ராக்கப்பன்.

 "எண்ணூத்தி நாப்பது அண்ணே" என்றாள் கீர்த்திகா. "அது உள்ள இருந்துருந்தா மொத்தமும் போயிருக்கும். எண்ணெய்க்குக்கூட விடாதீங்க, புண்ணாக்கைத் திங்கிற மாடு செத்துப்போகும். வந்து எடுத்துட்டுப் போய்ப் புதைச்சுருங்க."

 போனை வைத்த பிறகு ராக்கப்பன் வந்து நிலைப்படியில் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பகலில், நாலு பேர் பார்க்க, அவர் அப்படி உட்காருகிறவர் அல்ல.

"அன்னைக்கு நான் சொன்னபடி நீ மட்டும் கேட்டுருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"அதான் கேக்கலைல்ல" என்றாள் சண்முகத்தாய்.